தொலைபேசிப் பேச்சின் எதிர்காலம்: வணிகர்கள் அறிய வேண்டியவை



நம் தொழிலுக்குத் தராசும் படிக்கல்லும் எவ்வளவு முக்கியமோ, தொலைபேசியும் அவ்வளவு முக்கியம். சரக்கு விலை விசாரிப்பது, லாரி எங்கே வருகிறது என்று கேட்பது, பாக்கியை ஞாபகப்படுத்துவது, வாடிக்கை வீடுகளின் மளிகைச் சிட்டையை எழுதிக் கொள்வது எல்லாம் அதில்தான் நடக்கின்றன. துவரம்பருப்பு கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் கடைத்தெரு முழுவதும் அதே பேச்சாக இருக்கிறது. ஆனால் தொலைபேசிப் பேச்சின் விலை முப்பது ஆண்டுகளில் அதலபாதாளத்துக்கு இறங்கியதையும், அதனால் நமக்கு வந்த நன்மை தீமைகளையும் நம்மில் பலர் கணக்குப் பார்க்கவில்லை.

எந்தச் சரக்கும் விலையில்லாமல் கிடைக்கத் தொடங்கினால் அதில் கல்லும் பதரும் சேரும். இது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேச்சுக்கும் அதுவே நேர்ந்திருக்கிறது. பேசுவதற்கு இன்று காசு இல்லை. ஆனால் பேசுவது யார், பேசியதற்கு ஆதாரம் என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் முன்னைவிட விலை கூடிவிட்டது. இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப் போவது இதைத்தான்.

பேச்சை அளந்து விற்ற காலம்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876ஆம் ஆண்டில். ஆறே ஆண்டுகளில், 1882 ஜனவரியில், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. துறைமுகம் இருந்த இடத்தில் வியாபாரம் இருந்தது; வியாபாரம் இருந்த இடத்துக்கு முதலில் தொலைபேசி வந்தது.

ஊர் விட்டு ஊர் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். சாதாரணக் கால், அர்ஜெண்ட் கால், லைட்னிங் கால் என்று அவசரத்துக்கு ஏற்பக் கட்டணம் பன்மடங்கு ஏறும். நாமே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வசதி நம் நாட்டில் முதன்முதல் 1960ஆம் ஆண்டு லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே வந்தது. 1980களின் கடைசியில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இரவு ஏற ஏறக் கட்டணம் பாதியாகவும் கால் பங்காகவும் குறையும் என்பதால், வியாபாரிகள் கடையை அடைத்த பிறகு பூத்தில் வரிசையில் நின்று வெளியூர் மண்டிகளுக்குப் பேசினார்கள். மீட்டர் ஓடுவதைப் பார்த்துக் கொண்டே பேசியதால் ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் கைபேசியில் பேசினார். நாட்டின் முதல் கைபேசி அழைப்பு அது. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும்.

இந்தக் காலம் முழுவதும் பேச்சு அளந்து விற்கப்பட்ட சரக்கு. தூரம் ஓர் அளவு, நேரம் ஓர் அளவு. அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இரண்டு பேர் பேசினால், அவர்கள் பேசி முடிக்கும் வரை ஒரு தடம் முழுவதும் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். இருவரும் வாய் மூடி இருந்தாலும் அந்தத் தடத்தை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. ஒரே ஒரு மூட்டை அனுப்புவதற்கு முழு லாரியை வாடகைக்குப் பிடிப்பது போன்றது இது.

விலை இறங்கிய வழி

விலை ஒரே நாளில் இறங்கவில்லை. படிப்படியாகத்தான் இறங்கியது.

2003 மே மாதத்தில், அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை வந்தது. கைபேசிக்கு வரும் அழைப்பு இலவசமாயிற்று. காய்கறி வண்டிக்காரர்களும், மூட்டை தூக்கும் தொழிலாளர்களும் கைபேசி வாங்கத் துணிந்தது இதற்குப் பிறகுதான். 2006இல் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டம் வந்தது. அதோடு தூரம் என்ற அளவு போயிற்று. 2009இல் டாட்டா டொகோமோ நிறுவனம் நொடிக் கணக்கில் கட்டணம் வசூலிக்கத் தொடங்க, மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள்.

நாம் பார்க்காத ஒரு கணக்கும் உண்டு. ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனியின் வாடிக்கையாளரோடு பேசினால், முதல் கம்பெனி இரண்டாவது கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். ஊர் எல்லையில் இருக்கும் சுங்கம் மாதிரி என்று வைத்துக் கொள்ளலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் இதை 2009இல் 20 காசாக வைத்தது. 2015இல் 14 காசு, 2017 அக்டோபரில் 6 காசு என்று குறைத்தது. 2021 ஜனவரி 1 முதல் இது அடியோடு நீக்கப்பட்டது.

இதற்கு நடுவில் 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அதன் வலைப்பின்னலில் பழைய முறைத் தடமே கிடையாது. பேச்சும் டேட்டாவாகவே போகும். டேட்டாவுக்குக் காசு, பேச்சு இலவசம் என்று அது அறிவித்தது. மற்ற கம்பெனிகளும் சில ஆண்டுகளில் அதே வழிக்கு வர வேண்டியதாயிற்று. 2016க்கு முன் நம் நாட்டில் பல கம்பெனிகள் இருந்தன. இன்று பெரிதாக நிற்பவை ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா, அரசின் பி.எஸ்.என்.எல். ஆகியவையே. விலைப்போட்டியில் யார் நிற்பார், யார் போவார் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

பேச்சை எப்படி இலவசமாகக் கொடுக்க முடிகிறது? தராசு பிடிப்பவர்கள் நாம். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

எண்முறைத் தொலைபேசியில் குரலை ஒரு நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒரு பைட்டாக எழுதுவார்கள். ஆக, நொடிக்கு 8,000 பைட். நிமிடத்துக்கு அறுபது மடங்கு, அதாவது 4,80,000 பைட். இது ஒரு பக்கக் குரல். நாம் பேசுவதும் அவர் பேசுவதும் சேர்ந்தால் 9,60,000 பைட். ஏறத்தாழ ஒரு மெகாபைட் என்று வைத்துக் கொள்வோம்.

இப்போது சாதாரணமாக விற்கும் ஒரு திட்டத்தில் தினம் 1.5 ஜி.பி. டேட்டா தருகிறார்கள். அது 1,500 மெகாபைட். மேலே போட்ட கணக்குப்படி அதில் 1,500 நிமிடத்துக்கு மேல் பேசலாம். ஆனால் ஒரு நாளைக்கு உள்ளதே 1,440 நிமிடம்தான்! உண்ணாமல் உறங்காமல் இருபத்துநான்கு மணி நேரமும் பேசினாலும் ஒரு நாள் டேட்டா தீராது. இன்றைய கைபேசிகள் குரலை இன்னும் சுருக்கி அனுப்புகின்றன. பழைய அளவில் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்ற முறைகளும் உள்ளன. டேட்டாவாகப் போகும்போது சாக்கு எடை போல மேலுறைக்குக் கொஞ்சம் சேரும் என்றாலும், கணக்கு பெரிதாக மாறாது.

பழைய முறை முழு லாரி என்றோம். புதிய முறை பார்சல் லாரி. குரலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் விலாசம் எழுதி, மற்றவர்களின் பொட்டலங்களோடு சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றுகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் வரிசைப்படி அடுக்கிக் குரலாக்குகிறார்கள். படமும் பாட்டும் நிரப்பிய வண்டியில் குரல் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து வந்துவிடுகிறது. அதைத் தனியாக எடை போட்டு விற்க இனி முகாந்திரம் இல்லை. இதுவே இந்தத் தொழிலின் எதிர்காலத்துக்கு அடிப்படை.

இதைப் பார்த்துப் பேச்சுக்கு மதிப்பே போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ட்ராய் அறிக்கைகளைப் பார்த்தால், நம் நாட்டில் ஒரு கைபேசி வாடிக்கையாளர் சராசரியாக மாதம் ஏறத்தாழ 1,000 நிமிடம் பேசுகிறார். மக்கள் பேசுவதை நிறுத்தவில்லை. பேச்சைத் தனிச் சரக்காக விற்பதுதான் நின்றுவிட்டது.

இப்போது கம்பெனிகள் விற்பது எது?

இன்று விற்பது மூட்டை. பேச்சு, டேட்டா, குறுஞ்செய்தி மூன்றையும் ஒன்றாகக் கட்டி, இத்தனை நாளைக்கு இத்தனை ரூபாய் என்று விற்கிறார்கள். அந்த மூட்டையின் விலை 2019 டிசம்பரில் ஏறியது. 2021 நவம்பரில் ஏறியது. 2024 ஜூலையில் மறுபடியும் ஏறியது. நிமிடக் கட்டணம் போய்விட்டது என்று நாம் சந்தோஷப்பட்டுக் கொண்டிருக்கும்போதே, எண்ணை உயிரோடு வைத்திருப்பதற்கே ஒரு வாடகை வந்துவிட்டது.

குடோனில் இருக்கும் கணக்குப்பிள்ளைக்கும், சரக்கு இறக்கும் மேஸ்திரிக்கும் பட்டன் போன் போதும். அவர்களுக்கு டேட்டா தேவையே இல்லை. ஆனாலும் டேட்டாவோடு சேர்ந்த மூட்டையையே வாங்க வேண்டியிருந்தது. இந்தக் குறையைக் கவனித்த ட்ராய், 2024 டிசம்பரில் விதிகளைத் திருத்தியது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும் என்றும், அத்தகைய திட்டங்களின் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்றும் சொன்னது. 2025 ஜனவரி முதல் அந்தத் திட்டங்கள் வந்துவிட்டன. கடையில் எத்தனை எண்கள் இருக்கின்றன, எதற்கு டேட்டா தேவை, எதற்குத் தேவையில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

இனி வரும் மாற்றங்கள்

ஒன்று: பழைய தடங்கள் மூடப்படும். அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் 2022ஆம் ஆண்டிலேயே 3ஜி சேவையை நிறுத்திவிட்டன. பிரிட்டனில் செம்புக் கம்பித் தொலைபேசி வலைப்பின்னலை மூட 2025 டிசம்பர் என்று முதலில் நாள் குறித்து, பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள். முதியோர் வீடுகளில் அவசர உதவிக் கருவிகள் அந்தக் கம்பியை நம்பி இருந்ததே தள்ளி வைத்ததற்கு முக்கியக் காரணம்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. ஊரில் கரண்டு போனாலும் போன் பேசும். இப்போது தரும் கண்ணாடியிழை இணைப்புக்குக் கடையில் உள்ள பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். கரண்டு போனால் பேச்சும் போய்விடும். புயல் மழைக் காலத்தில்தான் அரிசி, மெழுகுவர்த்தி, பால் பவுடர் என்று வாடிக்கையாளர் நம்மை அதிகம் தேடுவார். ஆகவே அந்தப் பெட்டிக்கு ஒரு சிறிய பேட்டரி வைத்துக் கொள்வது நல்லது. வெவ்வேறு கம்பெனியின் இரண்டு எண்கள் கடையில் இருப்பதும் நல்லது.

இரண்டு: அழைப்பவர் யார் என்று தெரியும். பேச்சு இலவசமானதால் வேண்டாத அழைப்புகள் பெருகின. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களும், வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து பேசிக்கொண்டு "பேங்கிலிருந்து பேசுகிறோம்" என்று யாராவது சொன்னால் சந்தேகப்பட இதுவே போதும். விளம்பர அழைப்பே வேண்டாம் என்றால் 1909 எண்ணில் பதிவு செய்து கொள்ளலாம். அழைப்பவர் சிம் வாங்கும்போது கொடுத்த பெயரே நம் கைபேசியில் தெரிய வேண்டும் என்று ட்ராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரை செய்தது. அதைச் செயலுக்குக் கொண்டுவரும் வேலை படிப்படியாக நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை நம் நாட்டு எண் போலக் காட்டி ஏமாற்றுவதைத் தடுக்கவும் 2024 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஏற்பாடு செய்தது.

நம் கடை எண் யார் பெயரில் இருக்கிறது என்பதை இப்போதே பார்த்துக் கொள்ள வேண்டும். முன்பு வேலை பார்த்த பையன் பெயரில் சிம் இருந்தால், நாளைக்கு நாம் வசூலுக்குப் போன் செய்யும்போது அவன் பெயர்தான் எதிரில் தெரியும். எடுப்பவர் எடுக்க மாட்டார்.

மூன்று: செயலிகள் வரும், போகும். வாட்ஸ்அப்பில் பேசும் வசதி 2015இல் வந்தது. இன்று துபாய், சிங்கப்பூர் சரக்கு வியாபாரிகளோடு பலரும் அதில்தான் பேசுகிறார்கள். ஆனால் அதற்கு முன்பே உலகத்தை இலவசமாகப் பேச வைத்தது ஸ்கைப். 2003இல் தொடங்கிய அதை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2011இல் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2025 மே 5 அன்று அதை மூடிவிட்டார்கள். அவ்வளவு பெரிய சேவையே மூடப்படலாம் என்றால், செயலி எதையும் நிரந்தரம் என்று நம்பக் கூடாது.

கைபேசி எண் அப்படியல்ல. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக் கொள்ளும் உரிமை நாடு முழுவதும் உண்டு. 2015 ஜூலை முதல் வேறு மாநிலத்துக்குப் போனாலும் அதே எண்ணை வைத்துக் கொள்ளலாம். ஆகவே எண் நம்முடையது, செயலி பிறருடையது. இருபது ஆண்டுகளாக வாடிக்கையாளர் மனப்பாடமாகச் சொல்லும் கடை எண், கடையின் பெயர்ப்பலகைக்குச் சமமான சொத்து. ரீசார்ஜ் செய்யாமல் நீண்ட நாள் விட்டால் அது ரத்தாகி வேறொருவருக்குப் போய்விடும். கடை வாடகை கட்டும் தேதியைப் போல ரீசார்ஜ் தேதியையும் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

நான்கு: இயந்திரம் பேசும். இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நல்லதை முதலில் சொல்வோம். இணையம் இல்லாத பட்டன் போனிலும் குரல் வழியாகப் பணம் செலுத்தும் யு.பி.ஐ. 123பே என்ற முறையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்தது. பேசியே பணம் அனுப்பும் 'ஹலோ யு.பி.ஐ.' 2023இல் அறிவிக்கப்பட்டது. எழுத்துக் கூட்டத் தடுமாறும் வாடிக்கையாளர், "இரண்டு கிலோ பொன்னி, அரைக் கிலோ உளுந்து" என்று சொன்னால் அது பட்டியலாக மாறும் வசதி நம் கடைகளுக்கும் வரும்.

கெட்டது என்னவென்றால், ஒருவர் குரலின் சிறு பதிவு கிடைத்தாலே போதும், அவர் பேசாததையும் அவர் குரலிலேயே இயந்திரம் பேசும். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், அதிபர் பைடனின் குரல் போலவே செய்யப்பட்ட அழைப்பு வாக்காளர்களுக்குப் போயிற்று. வாக்களிக்க வர வேண்டாம் என்று அது சொன்னது. அடுத்த மாதமே அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம், இயந்திரக் குரலில் செய்யும் இத்தகைய தானியங்கி அழைப்புகள் சட்டவிரோதம் என்று அறிவித்தது. நாட்டின் அதிபருக்கே இது நடக்கும் என்றால், அரிசி மண்டி முதலாளிக்கு நடக்காதா?

வாய்ச்சொல்லும் சட்டமும்

கடன் வியாபாரம் முழுவதும் குரலை நம்பி நடந்தது. "அண்ணாச்சி, ஐம்பது மூட்டை ஏற்றி விடுங்க, அடுத்த வாரம் பணம் வரும்" என்ற குரலே நமக்கு ரோக்கா. அந்தக் குரல் தெரிந்த குரல் என்பதே ஜாமீன்.

போனில் பேசி முடித்த வியாபாரம் சட்டப்படி செல்லுமா என்று பலர் கேட்கிறார்கள். செல்லும். இதைப் பற்றிய முக்கியமான தீர்ப்பே ஒரு பிண்ணாக்கு வியாபாரத்தில் பிறந்ததுதான். 1959 ஜூலையில் ஆமதாபாத் வியாபாரி ஒருவரும், காம்காவ் என்ற ஊரின் எண்ணெய் ஆலைக்காரர் ஒருவரும் பருத்திவிதைப் பிண்ணாக்கு வாங்க விற்கத் தொலைபேசியில் பேசி முடித்தார்கள். சரக்கு வரவில்லை என்று வாங்கியவர் ஆமதாபாத்தில் வழக்குப் போட்டார். ஒப்பந்தம் எங்கள் ஊரில் ஏற்பட்டது, ஆகவே ஆமதாபாத் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றார் ஆலைக்காரர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1965இல் தீர்ப்பு வந்தது. கடிதத்தில் சம்மதம் தெரிவித்தால் அதைத் தபாலில் போட்ட இடத்தில் ஒப்பந்தம் முடிகிறது. தொலைபேசியில் சம்மதம் தெரிவித்தால் அந்தச் சம்மதத்தைக் காதால் கேட்ட இடத்தில் ஒப்பந்தம் முடிகிறது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஆமதாபாத் வியாபாரியின் பக்கம் தீர்ப்பாயிற்று.

அதாவது, மதுரையில் இருந்து நாம் குண்டூர் மிளகாய் மண்டிக்குப் போன் செய்து, "இந்த விலைக்கு நூறு மூட்டை எடுத்துக் கொள்கிறேன்" என்று சொல்லி, அவர் "சரி" என்றால், அந்தச் 'சரி' நம் காதில் விழுந்த மதுரையில் ஒப்பந்தம் முடிந்தது.

வாய்ச்சொல் செல்லும், ஆனால் சொன்னதை நிரூபிக்க வேண்டும். 'சரி' என்ற சொல் காற்றில் போய்விடுகிறது. வாட்ஸ்அப் செய்தியோ, பதிவு செய்த பேச்சோ மின்னணு ஆதாரமாக ஏற்கப்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. அதற்குரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே செய்திகளை அழிக்காமல், போன் மாற்றும்போது தொலைத்துவிடாமல் வைத்திருக்க வேண்டும். பேரேட்டைப் பாதுகாப்பது போல இதையும் பாதுகாக்க வேண்டும்.

கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பேரம் பேசுவது போனில் இருக்கட்டும். முடிவு எழுத்தில் இருக்கட்டும். பேசி முடித்தவுடன் சரக்கு, ரகம், மூட்டை எண்ணிக்கை, எடை, விலை, ஜி.எஸ்.டி. உட்படவா தனியா, லாரி வாடகை யாருடையது, பணம் தரும் தேதி ஆகியவற்றை நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். எதிர்த்தரப்பிலிருந்து "சம்மதம்" என்று பதில் வந்த பிறகு சரக்கை ஏற்றுங்கள். தெரிந்தவரிடம் இப்படிக் கேட்பது அவமரியாதை ஆகாது. எல்லோரிடமும் கேட்டால் யாருக்கும் வருத்தம் வராது.

2. "பேங்க் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்கில் பணம் போடுங்கள்" என்று போன் வந்தாலும், செய்தி வந்தாலும், குரல் நன்றாகத் தெரிந்த குரலாகவே இருந்தாலும், உடனே பணம் போடாதீர்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டு, நம் பேரேட்டில் பழைய நாளிலிருந்து எழுதியிருக்கும் எண்ணுக்கு நாமே பேசி விசாரிக்க வேண்டும். வந்த எண்ணுக்கே திருப்பிப் பேசினால் பயன் இல்லை. இந்த ஒரு பழக்கம் ஒரு லோடு சரக்கின் முதலைக் காப்பாற்றும்.

3. குடும்பத்துக்கும் கடைக்கும் ஒரு அடையாளச் சொல் வைத்துக் கொள்ளுங்கள். "அப்பா, ஆக்சிடெண்ட் ஆயிடுச்சு, உடனே பணம் அனுப்புங்க" என்று மகன் குரலில் அழைப்பு வந்தால், அந்தச் சொல்லைக் கேளுங்கள். கல்லாவில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

4. போலீஸ், சுங்கம், சி.பி.ஐ. என்று சொல்லிக்கொண்டு, வீடியோ அழைப்பிலேயே "டிஜிட்டல் கைது" செய்கிறோம் என்று மிரட்டுகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் இதை எடுத்துச் சொன்னார். பயப்படாமல் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

5. யாராவது நட்சத்திரக் குறியோடு 21 அல்லது 401 என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். நமக்கு வரும் அழைப்புகளை அவர்கள் எண்ணுக்குத் திருப்பும் தந்திரம் அது. ஓ.டி.பி. சொல்லும் அழைப்பும் அங்கே போய்விடும். சந்தேகம் இருந்தால் ##002# என்று அழுத்தினால் திருப்பி விடப்பட்ட அழைப்புகள் எல்லாம் ரத்தாகும்.

6. பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டுக் கொண்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் கை மாறிப் போவதற்குள் சொன்னால்தான் வங்கியில் நிறுத்தி வைக்க முடியும். மறுநாள் பார்க்கலாம் என்பது இங்கே ஆகாது.

7. கடை எண் முதலாளி பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருக்கட்டும். முக்கியமான ஐம்பது எண்களை ஒரு நோட்டில் மையினால் எழுதி வையுங்கள். போன் தொலைந்த அன்று அந்த நோட்டின் அருமை தெரியும்.

8. வாடிக்கையாளர் போன் செய்தால் எடுங்கள். இது சின்ன விஷயம் அல்ல. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே சரக்கு கொண்டு வரும் கம்பெனிகளோடு விலையிலும் விளம்பரத்திலும் நாம் போட்டி போட முடியாது. ஆனால் அங்கே போன் செய்தால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இயந்திரம்தான் பேசும். நம் கடையில், "அம்மா, போன தடவை வாங்கின புளி கொட்டை அதிகம் என்று சொன்னீங்களே, இந்தத் தடவை நல்ல சரக்கு வந்திருக்கு" என்று சொல்ல ஆள் இருக்கிறார். சிட்டை எழுதி முடித்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அளவு தவறாது, சரக்குத் திரும்பியும் வராது. இலவசமாகக் கிடைத்த பேச்சை லாபமாக மாற்ற மளிகைக் கடைக்கு உள்ள வழி இதுதான்.

முடிவாக

தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றபோது வியாபாரம் நிற்கவில்லை. டிரங்க் கால் போனது, எஸ்.டி.டி. பூத்தும் ஊரில் இல்லை. நாளைக்கு இன்றைய முறையும் மாறும். அழைப்பு வலைப்பின்னலில் போனாலும் செயலியில் போனாலும், அதைத் தனியாக யாரும் நிமிடக் கணக்கில் விற்கப் போவதில்லை. மீட்டர் ஓடிய காலத்தில் காசு போகுமே என்று அளந்து பேசினோம். மீட்டர் இல்லாத இந்தக் காலத்தில் நம் முதல் போகுமே என்று அளந்து பேச வேண்டியிருக்கிறது.

மேலே சொன்ன எட்டு விதிகளையும் கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டி வைக்கலாம். நம் சங்கக் கிளைகள் அடுத்த மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி இதைப் படித்துக் காட்டினால், கடைப் பையன்கள் முதல் பெரியவர்கள் வரை எல்லோரும் தெரிந்து கொள்வார்கள். ஓர் உறுப்பினரின் முதல் காப்பாற்றப்பட்டாலும் அந்த அரை மணி நேரம் வீண் போகாது.